சபா ரசிகர்களுக்கு: சரண்ஜித் சிங்கின் பத்து ராகங்கள்



டிசம்பர் நெருங்கினால் கச்சேரி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நாள் எந்த சபா என்று கணக்குப் போடுகிறவர்கள் நீங்கள். மேடையில் இருப்பவர் இரண்டு பிடி பிடிப்பதற்குள் ராகத்தின் பெயர் உங்கள் உதட்டுக்கு வந்துவிடும். ஒரு காந்தாரம் கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலும் முகம் சுளிப்பீர்கள். அதே காந்தாரம் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தலை தானாக அசையும். உங்கள் பின் வரிசைகளில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த உரிமையில், உங்களில் பெரும்பாலோர் இதுவரை கேட்டிராத ஓர் இசைத்தட்டைக் கேட்கச் சொல்லி இந்த மடலை எழுதுகிறேன்.

தட்டின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. 1982இல் பம்பாயில் உருவானது. நாய் படம் போட்ட எச்.எம்.வி. வெளியீடு. பத்து ராகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். பாட்டு இல்லை, தபலா இல்லை, சாரங்கி இல்லை. வாசித்தவர் ஒரே ஆள், சரண்ஜித் சிங். அவர் கையில் இருந்தவை மூன்று மின்னணுக் கருவிகள்.

பெயரிலுள்ள ‘டிஸ்கோ’வைப் பார்த்ததுமே பலர் விலகிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து விலகாதீர்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தட்டை உலகம் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கொண்டாடுகிறவர்கள் நடன அரங்கத்துக் காதோடு கேட்கிறார்கள். தாளம் எப்படிக் குத்துகிறது, அடிநாதம் எப்படி உறுமுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இதில் மால்கௌன்ஸ் மால்கௌன்ஸாக இருக்கிறதா, தோடி தோடியாக நிற்கிறதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பத்து ராகம் என்று தலைப்பிலேயே எழுதிக் கொடுத்த ஒரு கலைஞரை ராகம் தெரிந்தவர்கள் மதிப்பிடாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அதைத் தீர்க்க உங்களால்தான் முடியும்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். பேஸ் கிட்டார், பல வகை விசைப்பலகைகள் எல்லாம் அவருக்குக் கைவந்தவை. சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால், ஆர்.டி. பர்மன் என்று பெரிய இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் அவர் இருந்திருக்கிறார். 1971இல் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தின் ‘தம் மாரோ தம்’ பாட்டை நம் ஊரில் கேட்காத காது இருக்காது. அதில் டிரான்சிகார்ட் என்ற மின்னணு அக்கார்டியனை வாசித்தது இவர்தான். ஆனால் பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டுக்கு ஐம்பது அறுபது பேர் வாசித்தாலும் தட்டின் உறையில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர்தான் அச்சாகும். வாத்தியக்காரர் வாசித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போவார். சென்னைக் கோடம்பாக்கத்திலும் இதே கதைதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்படி இருபது ஆண்டு பிறர் பாட்டுக்கு வாசித்த ஒருவர், நாற்பதை எட்டிய வயதில், முழுக்கத் தன் பெயரில், தன் யோசனையில் ஒரு தட்டைச் செய்கிறார். அதற்கு முன்பும் திரைப்பாடல்களை வாத்திய இசையாக வாசித்து அவர் தட்டுகள் போட்டதுண்டு. அவை பிறர் மெட்டுகள். இந்த முறை மெட்டு கிடையாது, ராகம் மட்டும்தான். இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். 1980இல் ‘குர்பானி’யும் அடுத்த ஆண்டு நாசியா ஹசனின் ‘டிஸ்கோ தீவானே’யும் வந்து, இந்தித் திரையுலகமே டிஸ்கோ பித்துப் பிடித்து அலைந்த நேரம் அது. எங்கு பார்த்தாலும் டிஸ்கோவாக இருந்ததால் அதையே வைத்து வேறு ஒன்று செய்து பார்ப்போமே என்று தோன்றியதாக அவரே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார். தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோ தாளத்தை வைத்து மேலே ராகம் வாசிப்பது, அவ்வளவுதான் யோசனை. சொல்லும்போது மிகச் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

இனி கருவிகளுக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் காது தேவைப்படுகிறது.

மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்தவை. ஜூபிடர்-8 என்பது 1981இல் வந்த சிந்தசைசர், 61 கட்டைகள், ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரங்கள் ஒலிக்கும். டி.ஆர்.-808 என்பது 1980இல் வந்த தாள இயந்திரம். டி.பி.-303 என்பது 1981இல் வந்த சின்ன வெள்ளிநிறப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்கு பேஸ் கிட்டார் துணை வேண்டும் என்று நினைத்து டடாவோ கிகுமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்தது. பேஸ் கிட்டார் மாதிரி அது சிறிதும் ஒலிக்கவில்லை. அதனால் விற்கவும் இல்லை. சுமார் 10,000 பெட்டிகள் செய்து 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஈர மணலில் புதைந்த செருப்பை இழுத்தெடுக்கும்போது வருமே ஒரு சத்தம், அப்படி உறிஞ்சலும் வழுக்கலுமாக ஒலிக்கும் அது.

அந்த வழுக்கலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 303இல் பதினாறு படிகளாக ஸ்வரங்களை எழுதி வைக்கலாம். ஸ்வரங்களை ஒரு தடவையும் அவற்றின் கால அளவை இன்னொரு தடவையும் தனித்தனியே பதிய வேண்டும். வாங்கியவர்கள் பலர் இந்தத் தொல்லையில்தான் அதைத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு கூடுதல் குறிகள் கொடுக்கலாம். ஒன்று அழுத்தம். மற்றொன்று ஸ்லைட். ஸ்லைட் கொடுத்த ஸ்வரம் முடிந்து நிற்காது, அடுத்த ஸ்வரத்தை நோக்கி அறுபடாமல் சறுக்கிப் போய்ச் சேரும். ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று நாம் சொல்வோமே, அது. வீணையில் விரலைத் தூக்காமல் ஒரு மெட்டிலிருந்து மேல் மெட்டுக்கு இழுத்துப் போகிற காரியத்தை இந்தப் பெட்டி ஒரு பொத்தானில் செய்துவிடுகிறது. ஹிந்துஸ்தானியில் இதை மீண்ட் என்பார்கள். அந்த மரபின் உயிரே அதில் இருக்கிறது.

பெட்டியைச் செய்தவர்களுக்கு மீண்ட் பற்றி யோசனை இருந்திருக்க நியாயமில்லை. கிட்டார்காரன் தந்தியில் விரலை இழுப்பதைப் போலச் செய்ய நினைத்தார்கள். ஆனால் ராகம் தெரிந்த ஒருவர் கையில் கிடைத்ததும் அந்தப் பொத்தான் வேறு பொருள் கொண்டுவிட்டது. சரண்ஜித் சிங் ராகத்துக்குரிய ஸ்வரங்களை மட்டும் எடுத்து 303இல் பதிந்து, கீழே இடைவிடாமல் ஓடவிடுகிறார். அது பேஸ் வரிசையாகவும் இருக்கிறது, ராகத்தின் எலும்புக்கூட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டும் இருக்கிறது. மேலே ஜூபிடரில் அவர் வாசிக்கும் சஞ்சாரங்கள் இந்த அடித்தளத்தை விட்டு நழுவ முடியாது. தம்புரா செய்கிற வேலையில் ஒரு பகுதியை இது எடுத்துக்கொண்டது என்றே நான் சொல்வேன்.

கம்பிதம் மட்டும் இதற்கு வராது. ஒரு ஸ்வரத்தை இரண்டு பக்கமும் அசைத்து அசைத்து நிறுத்துகிற நம் முறையை அந்தக் கருவியில் எதிர்பார்க்க முடியாது. ஜூபிடரில் இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு, அதைத் தள்ளினால் ஸ்வரம் வளையும். அதை வைத்துக்கொண்டு அவர் நிறைய வளைக்கிறார், குழைக்கிறார். ஆனாலும் விசைப்பலகை விசைப்பலகைதான். நம் தோடியையோ சஹானாவையோ இவ்வகையில் வாசித்திருந்தால் நானே உங்களிடம் இந்தத் தட்டைக் கொண்டு வந்திருக்க மாட்டேன். அவர் எடுத்தது ஹிந்துஸ்தானி ராகங்களை. அங்கே நீண்ட சறுக்கல்களே பெரும்பகுதி வேலையைச் செய்கின்றன. அந்த விதத்தில் கருவியும் மரபும் ஒன்றுக்கொன்று இடம் கொடுத்திருக்கின்றன.

ராகத் தேர்வையும் பாருங்கள். பூபாலி, மேக் மல்ஹார், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்று பாதிக்குப் பாதி ஐந்து ஸ்வர ராகங்கள். நம் கணக்கில் முறையே மோகனம், மத்யமாவதி, வலஜி, ஹிந்தோளம், ரேவதி ஆகியவற்றின் ஸ்வரங்கள். ஐந்து ஸ்வர ராகத்தில் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி அகலம். நுணுக்கமான அசைவு குறைந்தாலும் ராகத்தின் முகம் கலையாது. வேகமாக ஓடும் தாளத்தின் மேல் அடையாளம் தெரிய வேண்டுமானால் இப்படிப்பட்ட ராகங்கள்தான் தாங்கும் என்பதை அவர் அறிந்தே எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். திரைப்பாட்டு இடையிசையில் பத்து நொடிக்குள் ஒரு ராகத்தின் சாயலைக் காட்டிவிட்டு விலக வேண்டிய தொழிலில் இருந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

வீட்டில் ஒரு நாள் மாலை இன்னதென்று சொல்லாமல் கலாவதியைப் போட்டேன். என் பெரியம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீணை வாசித்த கை அது. இப்போது மூட்டு வலியால் வாசிப்பதில்லை. தொடக்கத்தில் தாளமில்லாமல் ஆலாப் போல மெல்ல வளைந்து வருமே ஒரு பகுதி, அது முடிவதற்குள் அங்கிருந்தே “வலஜியா?” என்றார். அப்புறம் தாளம் விழுந்தது. கீரையை முறத்தில் வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். முகத்தில் கொஞ்சம் திகைப்பு இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “தைவதத்திலிருந்து இறங்குகிறது நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மனுஷன் மூச்சே விடவில்லையே” என்றார். இந்தத் தட்டைப் பற்றி நான் படித்த எந்த விமரிசனத்திலும் இந்த இரண்டு வாக்கியம் அளவுக்குச் சரக்கு இல்லை. இப்படிப்பட்ட பேச்சைத்தான் உங்கள் எல்லோரிடமிருந்தும் கேட்க ஆசைப்படுகிறேன்.

என் மதிப்பீட்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மால்கௌன்ஸ்தான் எனக்கு முதலிடம். பஞ்சமம் இல்லாத அந்த ராகத்தின் கனம் இயந்திரத்தின் குரலுக்கு அதிசயமாகப் பொருந்தியிருக்கிறது. மத்யமத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் கீழே ஓடும் 303 அதற்கு ஒரு இருட்டைக் கொடுக்கிறது. பைராகியில் ரிஷபத்தை அவர் தொட்டுவிட்டு ஷட்ஜத்தில் சாயும் இடங்களை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டிருக்கிறேன். லலித் துணிச்சலான தேர்வு. நம் லலிதா வேறு. ஹிந்துஸ்தானி லலித்தில் இரண்டு மத்யமங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும், பஞ்சமம் கிடையாது. விடியற்காலையின் ராகம். அதை நடன தாளத்தின் மேல் வைக்கப் பெரிய தைரியம் வேண்டும். இரண்டு மத்யமங்களும் உரசும் இடத்தில் சிந்தசைசர் சற்றுக் கூர்மையாகவே கீறுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

தோடியில் அவர் சறுக்கிவிட்டார். ஹிந்துஸ்தானி தோடி நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்களைக் கொண்டது. அதன் காந்தாரம் வழக்கமான கோமள காந்தாரத்தைவிட இன்னும் இறங்கி நிற்க வேண்டும். அந்த ஒரு மயிரிழைத் தாழ்வில்தான் தோடியின் துயரம் முழுவதும் இருக்கிறது. சம இடைவெளியில் வெட்டிய கட்டைகளில் அந்த இடம் கிடையாது. நெம்புகோலால் அங்கே போய்ப் போய்த் தொடலாம், தங்க முடியாது. ராகம் அடையாளம் தெரிகிறது, ஆனால் உருக்கவில்லை. யமனிலும் மதுவந்தியிலும் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. கல்யாணியும் தர்மவதியும் பழகிய உங்கள் காது அங்கே சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடும்.

லயத்தைப் பற்றி நீங்கள் சண்டைக்கு வருவீர்கள் என்பதும் தெரிந்ததே. 808இன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் ஒரே வரிசையில் இருக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக நிறம் பிரித்திருப்பார்கள். சதுஸ்ர நடையில் ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதைப் பார்த்ததுமே புரியும், பதினாறு பொத்தானும் ஒரு சுற்று ஓடி முடிந்தால் அரை ஆவர்த்தனம். தட்டு ஓடும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கலாம், சிரமமே இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் எடுப்பு என்று ஒன்று கிடையாது. ராகம் வந்து இறங்க வேண்டிய சமம் என்று ஓர் இடம் கிடையாது. நான்கு நான்காக எண்ணிக்கொண்டே போகிறது, அவ்வளவே. பத்து ராகத்துக்கும் ஏறத்தாழ ஒரே வேகம். பாடகர் ஒரு சங்கதியைப் போட்டால் மிருதங்கக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதில் கொடுப்பாரே, அந்த உரையாடலுக்கு இங்கே வழியில்லை. மூச்சே விடவில்லை என்று பெரியம்மா சொன்னது இதைத்தான். தபலாவை எடுத்தபோது அவர் ஒரு வாத்தியத்தோடு ஒரு கூட்டாளியையும் சேர்த்தே எடுத்துவிட்டார். இந்தத் தட்டின் உண்மையான இழப்பு இது என்பது என் கருத்து. டிஸ்கோ என்ற பெயரில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வெளியான காலத்தில் தட்டு விற்கவில்லை. டிஸ்கோ கேட்டவர்களுக்கு இதில் பாட்டு இல்லை, ராகம் கேட்டவர்களுக்கு இதில் தபலா இல்லை. இரண்டு பக்கமும் கைவிட்டது. சரண்ஜித் சிங் தன் தொழிலுக்குத் திரும்பிவிட்டார். திருமண வரவேற்புகளில்கூட வாசித்தார். 2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர், பழைய இந்தித் திரையிசைத் தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர், தில்லியில் இதன் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். பம்பாயில் கலைஞரையும் தேடிப் பிடித்தார். 2010இல் ‘பாம்பே கனெக்‌ஷன்’ என்ற தன் நிறுவனத்தின் வழியாக மறுவெளியீடு செய்தார். ஐரோப்பாவில் கேட்டவர்கள் நம்பவில்லை. 1982இல் இப்படி ஒரு ஒலியா, யாரோ இன்றைய மின்னிசைக்காரர் பழைய தட்டு போலப் போலியாகச் செய்த குறும்பு என்று சந்தேகித்தவர்களும் உண்டு.

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் கறுப்பின இளைஞர்கள் சிலர், யாரும் சீண்டாத 303 பெட்டிகளைப் பழைய விலைக்கு வாங்கி, அதன் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு புதிய நடன இசையை உண்டாக்கினார்கள். ஆசிட் ஹவுஸ் என்று அதற்குப் பெயர். ஃப்யூச்சர் என்ற குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வந்தது, அதுதான் தொடக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பே பம்பாயில் அதே 303, அதே மாதிரி தாளம், அதே மாதிரி உறிஞ்சலோடு ஒரு தட்டு இருந்திருக்கிறது என்றால் எவருக்கும் திக்கென்றுதான் இருக்கும். உடனே சரண்ஜித் சிங்கை ஆசிட் ஹவுஸின் தந்தை என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நம்மவர்களும் பெருமையோடு அதைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

இந்தப் பட்டத்தை நான் ஏற்கவில்லை. சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டு அந்த இசையைச் செய்ததாக எந்த ஆதாரமும் இல்லை. பிள்ளைகள் இல்லாதவரைத் தந்தை என்று சொல்வது சிகாகோ இளைஞர்களுக்கும் அநியாயம், அவருக்கும் அநியாயம். அவர்களுக்கு 303தான் கதாநாயகன். வடிகட்டிக் குமிழைத் திருகி அதன் குரலை மாற்றிக்கொண்டே போவதுதான் அவர்கள் இசையின் சம்பவம். இங்கே 303 பக்கவாத்தியம். சம்பவம் மேலே ஜூபிடரில் நடக்கிறது, அதாவது ராகத்தில் நடக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து பிறந்த இரண்டு வேறு இசைகள். தந்தைப் பட்டம் கொடுத்ததால் நேர்ந்த தீமை என்னவென்றால், தட்டைக் கேட்கும் ஒவ்வொருவரும் கீழே ஓடும் பேஸையே கேட்கிறார்கள். அவர் வாசித்தது மேலே.

மின்சாரப் பெட்டியில் ராகமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நம் வரலாறு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்தில் வெள்ளைக்காரனிடமிருந்து வந்த வயலின் இன்று இல்லாமல் கச்சேரி கிடையாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் மின்சார மாண்டலினில் வாசித்தபோது அது மேல்நாட்டுக் கருவி என்ற பேச்சு எவ்வளவு நாள் நின்றது? கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனுக்கு நீங்கள்தானே கைதட்டினீர்கள்? இன்று தம்புரா இல்லாத மேடையிலும் மின்னணு சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கிறது, செல்பேசிச் செயலியில்கூட சுருதி வைத்துப் பாடுகிறார்கள். மறுபக்கமும் உண்டு. விசைப்பலகையில் கமகம் வராது என்ற வாதத்தால்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அது முழுமையாகவே நீடித்தது. அந்த வாதம் முழுத் தவறு என்று நான் சொல்லவில்லை. தோடியில் கண்டது அதே குறைதான். ஆனால் அந்தத் தடை இருந்த காலம் முழுவதும் ஹிந்துஸ்தானி மேடையில் ஹார்மோனியம் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. கருவியைப் பார்த்து முடிவெடுப்பதைவிட ராகத்தைக் கேட்டு முடிவெடுப்பது நம் மரபுக்குப் பொருத்தம்.

சரண்ஜித் சிங் எழுபது வயதைக் கடந்து இந்தத் தட்டுக்காக ஐரோப்பிய மேடைகளில் ஏறினார். பேரன் பேத்தி வயதுள்ளவர்கள் முன்னால் நின்று ஆடிக் கேட்டார்கள். அந்த மரியாதை அவருக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. 2015 ஜூலையில், 74 வயதில், மும்பையில் காலமானார்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. இணையத்தில் தேடினால் தட்டு கேட்கக் கிடைக்கிறது. வரிசைப்படி கேட்காதீர்கள். மால்கௌன்ஸில் தொடங்கி, கலாவதிக்கும் பைராகிக்கும் போய், பிறகு லலித்துக்கு வாருங்கள். தோடியைக் கடைசியில் வையுங்கள். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டால் 303 காதிலேயே விழாது. நல்ல ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டினாலும் சரி, எந்தப் பிடி ராகத்துக்கு வெளியே போனது, எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று சொல்லித் திட்டுங்கள்.

சபா நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று. மார்கழிக் காலை லெக்-டெம்களில் ஒரு அமர்வை, ஒன்றரை மணி நேரம் போதும், இந்தத் தட்டுக்கு ஒதுக்குங்கள். வீணை வாசிப்பவர் ஒருவரும் சிந்தசைசர் வாசிப்பவர் ஒருவரும் மேடையில் உட்காரட்டும். மால்கௌன்ஸை ஒலிக்கவிட்டு, அடுத்து ஹிந்தோளத்தை வீணையில் வாசித்து, எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று காட்டட்டும். இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் முடிவாவதற்குள் உங்கள் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்